கிண்ணத்தில் எஞ்சிய அன்னம்

வங்காளத்தில் குழந்தைக்கு முதன்முதலாகச் சோறூட்டும் நாளை 'முகே பாத்' என்று கொண்டாடுகிறார்கள். வாயில் சோறு என்பது அதன் பொருள். தாய்மாமனோ தாத்தாவோ குழந்தையை மடியில் அமர்த்திக்கொண்டு, கிண்ணத்திலுள்ள பாயசத்தில் சிறிது எடுத்து அதன் நாவில் வைக்கிறார். சங்கு முழங்குகிறது, பெண்கள் குலவையிடுகிறார்கள். பிறகு ஒரு தட்டில் புத்தகம், எழுதுகோல், வெள்ளிக்காசு ஆகியவற்றோடு ஒரு பிடி மண்ணையும் வைத்துக் குழந்தையின் முன் நீட்டுகிறார்கள். அது எதைத் தொடுகிறது என்று பார்ப்பது குடும்பத்தாருக்கு ஓர் ஆனந்தம். அன்னம் விளைவது மண்ணிலிருந்து என்பதை அந்தத் தட்டு சொல்லாமல் சொல்கிறது.

கேரளத்தில் இதே சடங்கு 'சோறூண்' என்ற பெயரில் குருவாயூர் போன்ற திருத்தலங்களில் நடைபெறுகிறது. அன்னப்பிராசனம் என்னும் இந்தச் சம்ஸ்காரத்திற்கு சாஸ்திரங்கள் கூறும் காலம் ஆறாவது மாதம். முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலுடன் வேறு உணவும் என்று இன்றைய மருத்துவ அறிவியலும் கூறுகிறது.

அந்த நன்னாளில் குழந்தையின் வாயிலிருந்து ஒரு பருக்கை நழுவினாலும் நால்வர் பதறி அதைக் கையில் ஏந்துவார்கள். பத்து மாதங்கள் கழித்து அதே வீட்டிற்குச் சென்று பார்ப்போம்.

இரண்டு குற்ற உணர்வுகள்

நண்பகல் நேரம். குழந்தைக்குப் பதினாறு மாதம் நிரம்பியிருக்கிறது. கிண்ணம் நிறைய நெய்யிட்ட கிச்சடி. நான்கு வாய் உண்டபின் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. 'இன்னும் ஒரே ஒரு வாய்' என்கிறாள் பாட்டி. தாய் காக்கையைக் காட்டுகிறாள். கைப்பேசியில் பாட்டுப் போடுகிறாள். கடைசியில் கன்னத்தை அழுத்தி வாயைத் திறக்க வைக்கிறாள். குழந்தை துப்புகிறது, தாயின் கை ஓங்குகிறது, குழந்தை வீறிட்டு அழுகிறது. கிண்ணத்தில் எஞ்சியதில் பாதி தாயின் வயிற்றுக்குள் செல்கிறது, மறுபாதி குப்பைக்கூடைக்கு.

மாலையில் அந்தத் தாயின் மனத்தை இரண்டு வேதனைகள் வாட்டுகின்றன. 'குழந்தை சரியாகச் சாப்பிடவில்லையே' என்பது ஒன்று. 'அன்னத்தை எறிந்துவிட்டேனே' என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பரிகாரம் தேடி மறுநாள் கிண்ணத்தை இன்னும் நிரப்புகிறாள். அதனால் இரண்டாவது பெருகுகிறது. இரண்டாவதற்கு அஞ்சி, கிண்ணம் காலியாகும்வரை ஊட்ட முயல்கிறாள். அதனால் முதலாவது பெருகுகிறது. அன்னத்தை வீணாக்காமலிருப்பது தர்மம். குழந்தையைத் துன்புறுத்தாமலிருப்பதும் தர்மம். இந்த இரண்டு தர்மங்களும் ஒன்றோடொன்று மோதுவதுபோல் தோன்றும்போது அவள் எதைப் பற்றிக்கொள்வது?

பிருகு கைவிடாத முதற்படி

தைத்திரீய உபநிஷதத்தில் பிருகு தன் தந்தை வருணனிடம் சென்று பிரம்மத்தைப் பற்றிக் கேட்கிறார். தவம் செய்து அறிந்துகொள்ளுமாறு தந்தை பணிக்கிறார். தவத்தின் பயனாகப் பிருகு முதலில் அறிவது, அன்னமே பிரம்மம் என்பது. பின்னர் பிராணன், மனம், விஞ்ஞானம் என்று படிப்படியாக உயர்ந்து முடிவில் ஆனந்தத்தை அடைகிறார்.

ஆனந்தத்தை அடைந்தவருக்கு அன்னம் எதற்கு? இந்த ஐயம் எழக்கூடும். ஆனால் அந்த உச்சியை எட்டிய உடனேயே உபநிஷதம் மீண்டும் அன்னத்திற்கே திரும்பி வந்து விரதங்களை விதிக்கிறது. அன்னத்தை இகழலாகாது, அதைப் புறந்தள்ளலாகாது, அதைப் பெருக்க வேண்டும், இருப்பிடம் நாடி வந்தவரைத் திருப்பி அனுப்பலாகாது. ஏணியின் உச்சியில் நிற்பவனும் முதற்படியை உதைத்துத் தள்ளக்கூடாது என்பதே இதன் கருத்து.

இந்த விரதங்கள் காட்டிலிருந்த முனிவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில் வீணானது. இந்திய இல்லங்களில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. இதே நாட்டில்தான், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதிற்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். ஒரு வீட்டுக் கிண்ணத்தில் எஞ்சிய கிச்சடி வேறொரு வீட்டுக் குழந்தையின் வாய்க்கு நேராகப் போய்ச் சேர்ந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் உழவனின் உழைப்பும் நிலத்தின் நீரும் அடுப்பின் எரிபொருளும் அந்தக் கிண்ணத்தில் இருந்தன என்பதும் உண்மை. குப்பைமேட்டில் காற்றின்றி அழுகும் உணவு மீத்தேன் வாயுவாகிப் பூமியை வெப்பமாக்குகிறது என்பதும் உண்மை.

குழந்தையின் உள்ளே ஓர் அளவுகோல்

குழந்தை ஏன் முகத்தைத் திருப்புகிறது? பிறந்தபோது சுமார் மூன்று கிலோ எடையுள்ள குழந்தை முதல் ஆண்டு முடிவில் அதைப்போல் மும்மடங்கு ஆகிறது. இரண்டாம் ஆண்டிலோ அது இரண்டு அல்லது இரண்டரை கிலோ மட்டுமே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் இயல்பாகக் குறைகிறது. முன்பு ஆவலோடு உண்ட குழந்தை இப்போது மறுப்பதைக் கண்டு தாய் அஞ்சுகிறாள். ஆனால் அது பெரும்பாலும் நோயல்ல, இயற்கையின் கணக்கு.

ஒரு வயது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 250 மில்லி கொள்ளும் கோப்பையில் முக்கால் முதல் முழுக் கோப்பை வரை, நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை, இடையே பசித்தால் ஓரிரு சிற்றுணவு என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் வகுத்திருந்தது. இது சராசரி. ஒரே குழந்தை ஒரு வேளை நான்கு வாய் உண்ணும், மறுவேளை நாற்பது வாய் உண்ணும். ஒரு வேளையை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல் ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்ப்பதே அறிவுடைமை. எடை குறைந்தாலோ, சோர்வும் காய்ச்சலும் இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றபடி, வாயை மூடிக்கொள்வதும் கையால் தள்ளுவதும் குழந்தையின் மொழி. 'போதும்' என்பதை வேறு எப்படிச் சொல்ல அதற்குத் தெரியும்?

அதிகமாக உண்பவனுக்கும் யோகமில்லை, உண்ணாதவனுக்கும் யோகமில்லை என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் போதிக்கிறது. மிதமாக உண்பதற்கு முதல் தேவை, தன் பசியையும் தன் நிறைவையும் தானே அறிதல். குழந்தை அந்த அறிவோடுதான் பிறக்கிறது. 'ஒரே ஒரு வாய்' என்று நாள்தோறும் திணிப்பவர்கள் அந்த அளவுகோலைத் தங்கள் கையாலேயே முறித்துவிடுகிறார்கள். அன்னத்தை வீணாக்கவில்லை என்ற நிறைவோடு, அதைவிட அரிதான ஒன்றை வீணாக்குகிறார்கள்.

தாயின் கர்மயோகம்

கர்மத்தில் மட்டுமே அதிகாரம், பலனில் இல்லை என்ற கீதையின் உபதேசத்தைப் பலர் அலுவலகத்திற்கும் போர்க்களத்திற்கும் உரியதாகக் கருதுகிறார்கள். சோறூட்டும் தாய்க்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். எதைச் சமைப்பது, எப்போது தருவது, எங்கே அமர்த்தித் தருவது ஆகியவை தாயின் கர்மம். எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் கையில் இருக்கிறது. அது தாயின் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநரும் பெற்றோருக்கும் குழந்தைக்கும் இடையே பொறுப்பை இவ்வாறே பிரித்துக் காட்டினார்.

கிண்ணத்தின் அடி தெரிந்தால்தான் தான் நல்ல தாய் என்று எண்ணுபவள் பலனைப் பற்றிக்கொண்டவள். அந்தப் பற்றிலிருந்து அச்சம் பிறக்கிறது; அச்சத்திலிருந்து கோபம்; கோபத்திலிருந்து ஓங்கிய கை. உணவில் மூன்று தோஷங்களை ராமானுஜர் கூறினார். உணவின் இயல்பால் வருவது ஜாதி தோஷம். அது யாரிடமிருந்து வருகிறதோ அவரால் வருவது ஆசிரய தோஷம். தூசு, மயிர் முதலியவற்றால் வருவது நிமித்த தோஷம். குழந்தையின் உணவில் மயிரிழை விழுந்தால் பதறும் இல்லங்களில், சினத்தோடு ஊட்டப்படும் சோற்றின் தோஷத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அளவில் இருக்கிறது விரதம்

அப்படியானால் இரண்டு தர்மங்களும் மோதுகின்றனவா? மோதவில்லை. அன்னத்தைக் காக்கும் விரதத்தைக் கடைப்பிடிக்க வேண்டிய இடம் குழந்தையின் வாய் அல்ல, பானையும் கரண்டியும்தான். உண்டு முடித்தபின் தொடங்கும் சிக்கனம் காலம் கடந்த சிக்கனம்.

குழந்தைக்கென்று தனியே சமைப்பதைவிட, வீட்டாருக்குச் செய்யும் பருப்பிலும் சோற்றிலும் காய்கறியிலும் உப்பும் காரமும் சேர்க்குமுன் அதன் பங்கை எடுத்துக்கொள்வது நல்லது. கிண்ணத்தில் முதலில் இரண்டு கரண்டி மட்டும் இட வேண்டும். கேட்டால் மீண்டும் இடலாம். சிறிதாக இட்டுப் பலமுறை தருவதில் குழந்தைக்கும் மகிழ்ச்சி உண்டு. பானையிலுள்ளதைத் தூய கரண்டியால் எடுத்தால், எஞ்சியது எச்சில் படாமல் இருக்கும். பெரியவர்கள் அதை உண்ணலாம், அல்லது உடனே குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். எச்சில் பட்டதைச் சேமித்து மறுவேளை ஊட்டலாகாது. சோறு வெளியில் வெகுநேரம் கிடந்தால் அதில் நச்சுக்கிருமிகள் பெருகும். சிக்கனம் நோய்க்கு வழிவகுக்கக்கூடாது. புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்க எட்டுப் பத்து முறைகூட ஆகலாம்; ஆகவே அதை ஒரு துண்டு மட்டும் வைத்துப் பழக்கினால் போதும்.

இவ்வளவு செய்தும் சிறிது சிந்தும். தானே எடுத்து உண்ணக் கற்கும் குழந்தை சிந்தாமல் இராது. அது கல்விக்குத் தரும் காணிக்கை. எஞ்சியதை எப்போதும் தன் வயிற்றில் போட்டுக்கொள்வதையே தியாகமென்று தாய் எண்ண வேண்டியதில்லை. அவளது உடலும் இறைவனின் ஆலயம்தானே! அன்னை ஸ்ரீசாரதாதேவியார் எதையும் வீணாக்க மாட்டார். மனிதருக்கு ஆவதை மனிதருக்கும், மனிதருக்கு ஆகாததை மாட்டுக்கும், அதற்கும் ஆகாததைப் பிற உயிர்களுக்கும் என்று ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் சேர்ப்பது அவரது இயல்பு. காய்கறித் தோல் மாட்டுக்கு, எச்சில் சோறு எருக்குழிக்கு என்று அவ்வழியில் செல்லும் இல்லத்தில், முடிவில் எல்லாம் மண்ணுக்கே திரும்புகின்றன. முகே பாத் தட்டில் வைத்த அதே மண்ணுக்கு.

ஒரு பிடி

சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கும் வழக்கம் நம் நாட்டில் பல வீடுகளில் இருந்தது. சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. நிரம்பிய பானை ஏழைக்குத் தரும் பங்காக அந்தப் பிடியரிசி சென்று சேர்ந்தது. குழந்தைக்காக அச்சத்தால் கூடுதலாகப் போட்ட அந்த ஒரு பிடியை அடுப்பில் ஏற்றாமல் இப்படி எடுத்து வைத்தால், உபநிஷதத்தின் இரண்டு விரதங்கள் ஒருசேர நிறைவேறுகின்றன. அன்னம் புறந்தள்ளப்படவில்லை, வாசலுக்கு வந்தவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

மீண்டும் அதே வீடு. கிண்ணத்தில் இரண்டு கரண்டி கிச்சடி. குழந்தை தன் பிஞ்சு விரல்களால் பிசைகிறது, உண்கிறது, முகத்தில் பூசிக்கொள்கிறது. பிறகு வாயை மூடிக்கொள்கிறது. 'இன்னும் ஒரு வாய்' என்று சொல்ல வாயெடுத்த பாட்டி தன்னை அடக்கிக்கொள்கிறாள். அந்த மௌனத்தில் குழந்தை விரலில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நீட்டிப் பாட்டியின் வாயருகே கொண்டுவருகிறது. யாரும் கற்பிக்கவில்லை. தன் பசி தீர்ந்த உயிர் பிறர் பசியை நினைக்கிறது.

அந்தப் பருக்கையைப் பாட்டி பிரசாதமாக ஏற்றுக்கொள்கிறாள். கிண்ணத்தில் எதுவும் எஞ்சவில்லை.