கூலியும் குடியிருப்பும்

மின்சார வேலையில் பதினைந்து, இருபது ஆண்டுகள் தேர்ந்த ஒருவர் ஈப்போவிலோ தைப்பிங்கிலோ நல்ல பெயருடன் வேலை செய்து வருகிறார். அவருக்குச் சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வருகிறது. சம்பளம் இரு மடங்குக்கும் மேல் என்கிறார்கள். போகலாமா, வேண்டாமா? ஜோகூர் பாருவில் மளிகைக் கடை வைத்திருப்பவன் என்பதால், இக்கேள்வியோடு வடக்கேயிருந்து வந்து இறங்கும் சகோதரர்கள் பலர் என்னிடம் அபிப்பிராயம் கேட்பதுண்டு. மதரஸாவும் ஆறாம் வகுப்புமே என் படிப்பு. ஆயினும் வரவு செலவுக் கணக்குப் போடத் தெரியும். அந்தக் கணக்கிலிருந்தே இதைப் பார்க்க விரும்புகிறேன். பார்த்துக்கொண்டு போனால் அது வெறும் கணக்காக நிற்பதில்லை என்பதும் விளங்கும்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நம்மவர் பேச்சில் அங்குள்ளதும் வெள்ளி, இங்குள்ளதும் வெள்ளி. ஒரு காலத்தில் அது உண்மையாகவே ஒன்றாக இருந்தது. 1967-ல் இரு நாடுகளும் தனித்தனி நாணயம் அச்சிட்ட பிறகும், 1973 மே மாதம் வரை ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ள முடிந்தது. நம் வாப்பாமார் சிங்கையில் வாங்கிய கூலியை அப்படியே ஜோகூர்க் கடையில் நீட்டியிருக்கிறார்கள். இன்று ஒரு சிங்கை வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே சம்பளத்தைச் சொன்ன மாத்திரத்தில் கேட்பவர் மனத்தில் அது மூன்றால் பெருகிவிடுகிறது. ஆனால் அங்கே செலவழிக்கும் வெள்ளி பெருகுவதில்லை. மிஞ்சுகிற வெள்ளிதான் பெருகும். கடைக்காரனுக்கு இது புதிதல்ல. விற்றுவரவைப் பார்த்து லாபம் என்று எவனும் சொல்லமாட்டான். சம்பளம் விஷயத்தில் மட்டும் ஏனோ எல்லோரும் விற்றுவரவைத்தான் பேசுகிறோம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தொகைகள் நான் எடுத்துக்கொண்டவை. அவரவர் தம் தொகையைப் போட்டுப் பார்க்கலாம். ஈப்போ வயர்மேன் ஒருவருக்கு மாதம் 4,000 ரிங்கிட். இ.பி.எப்.புக்கு அவர் பங்கு நூற்றுக்கு 11, அதாவது 440 கழிகிறது. சொக்சோ போன்ற சில்லறையை விட்டுவிடுவோம். கையில் 3,560. தமது சாப்பாடு, பெட்ரோல் என்று 700 போனால் வீட்டுக்கு 2,860 சேரும். இதோடு முடியவில்லை. அவர் முதலாளி நூற்றுக்கு 13 வீதம், அதாவது 520, அதே சேமநிதியில் கட்டுகிறார். இரண்டும் சேர்ந்து மாதம் 960 அவர் பெயரில் வளர்கிறது. 2024-ஆம் ஆண்டுக்கு அந்நிதி கொடுத்த லாபப் பங்கு 6.30 விழுக்காடு. ஆக, அவருடைய மெய்யான மிச்சம் 3,820 ரிங்கிட்.

சிங்கையில் அவருக்கு 2,800 வெள்ளி தருகிறார்கள் என்போம். வீவக வீட்டில் ஓர் அறைக்கு 900. சாப்பாட்டுக்கு 450. பஸ், ரயில், தொலைபேசி எல்லாம் 150. மாதம் இருமுறை ஊருக்குப் போய்வர 150. மொத்தம் 1,650 போக 1,150 மிஞ்சும். ஒன்றுக்கு 3.20 வீதம் மாற்றினால் 3,680 ரிங்கிட். பெர்மிட்டில் வேலை செய்யும் அயல்நாட்டவருக்கு அங்கே மத்திய சேமநிதி இல்லை. இங்கே இ.பி.எப்.பும் நின்றுபோகும், தாமாக முன்வந்து கட்டினால்தான் உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றிருக்கிறது. வீட்டுக்கு வரும் ரொக்கம் 2,860-லிருந்து 3,680 ஆகிறது. இந்த 820 எல்லோர் கண்ணிலும் படும். மனைவி மகிழ்வாள், மைத்துனர் மெச்சுவார், கல்யாண வீட்டில் மரியாதை கூடும். நின்றுபோன 960 யார் கண்ணிலும் படாது. அது அறுபது வயதில்தான் கண்ணுக்குத் தெரியும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அறையில் தனித்துப் படுத்து, உண்மையில் மாதம் 140 ரிங்கிட் குறைவாகச் சம்பாதிக்கும் மனிதர் முன்னேறிவிட்டார் என்று ஊர் பேசும். அவரும் அப்படியே நம்புவார். அந்த வித்தியாசம் முழுவதையும் விழுங்கியது அறை வாடகைதான். அதிகக் கூலி கொடுக்கிற ஊர், அக்கூலியில் பெரும்பகுதியைக் குடியிருப்புக்காகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இதைத் தெரிந்தவர்கள்தாம் ஜோகூர் பாருவில் குடியிருந்துகொண்டு தினமும் கடற்பாலம் தாண்டுகிறார்கள். 1924-ல் திறந்த அந்தப் பாலத்தின் மீது விடியுமுன்னே மோட்டார் சைக்கிள்கள் எறும்புச் சாரிபோல் நகர்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் கடை திறப்பதற்குமுன், சுபுஹு பாங்குக்கும் முன், அவர்கள் புறப்பட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் கணக்கு வேறு. 2,800-ல் அக்கரைச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் 400 போனால் மிச்சம் 2,400, ரிங்கிட்டில் 7,680. இக்கரையில் அறைக்கு 600, மற்றச் செலவுக்கு 500, ஈப்போ போய்வர 300. மீதி 6,280. முன்சொன்ன 3,820-ஐக் கழித்தால் 2,460 ரிங்கிட் மெய்யாகவே அதிகம். சேமநிதி இல்லாதது உட்படச் சேர்த்துப் பார்த்தும் அதிகந்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த 2,460 எதற்கு விலை? பாலத்திலும், குடிநுழைவு வரிசையிலும், பஸ்ஸிலும் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் கூடுதலாகப் போகிறது என்று கொள்ளுங்கள். இருபத்தாறு நாளைக்கு 104 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 23 ரிங்கிட் 65 காசு. ஈப்போவில் அவர் வாங்கிய சம்பளத்தையும் முதலாளி கட்டிய பங்கையும் சேர்த்து, எட்டு மணி வேலைக்கு வகுத்தால் மணிக்கு 21 ரிங்கிட் 73 காசு வருகிறது. அதாவது அவர் கைத்திறமைக்கு விலை ஏறிவிடவில்லை. தம் ஆயுளிலிருந்து இன்னும் நூறு மணி நேரத்தை ஏறக்குறைய பழைய விலைக்கே விற்றிருக்கிறார். விற்கக்கூடாதென்று சொல்ல நான் யார்? கடனுள்ளவர், பிள்ளையின் படிப்புச் செலவு தலைக்குமேல் நிற்பவர், கல்யாணமாகாத வாலிபர், இவர்கள் விற்கலாம். ஆனால் எதை விற்கிறோமென்று தெரிந்து விற்க வேண்டும். தம்முடைய நேரத்தை மட்டும் விற்கிறோமா, பிறருடையதையும் சேர்த்து விற்கிறோமா என்பதும் தெரிய வேண்டும்.

அனுபவம் என்ற சரக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தொழிலாளியின் அனுபவத்தில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று கையிலிருப்பது. அது எந்த ஊருக்கும் கூடவே வரும். இரு நாட்டிலும் 230 வோல்ட்டுதான், மூன்று கால் பிளக்குதான், இங்கே டி.பி. பெட்டி கட்டத் தெரிந்தவருக்கு அங்கே கை தடுமாறாது. மற்றொன்று பிறர் மனத்திலிருப்பது. இன்னார் வந்து பார்த்தால் மறுபடி லைன் விழாது, இன்னார் நல்ல ஒயரைக் காட்டிவிட்டு மட்டமானதைப் போடமாட்டார் என்று ஓர் ஊர் நம்புகிறதே, அது. நாங்கள் கடைக்குச் சொல்லும் பேர் என்பது இதுதான். கடையை விற்கும்போது சாமானுக்கு அப்பால் ஒரு தொகை கேட்பது அதற்காகத்தான். அது ஊர் விட்டு ஊர் வராது. சட்டமும் அதையே சொல்கிறது. மலேசியாவில் எரிசக்தி ஆணையம் கொடுத்த வயர்மேன் சான்றிதழை வைத்துக்கொண்டு சிங்கையில் தம் பொறுப்பில் வேலை எடுக்க முடியாது. அங்குள்ள எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் தனியே வேண்டும். அதன் முதற்படி உரிமமே 45 கே.வி.ஏ. அளவுக்குத்தான். இல்லாதவர் வேறொருவர் உரிமத்தின் கீழ் ஆளாக நிற்க வேண்டும். இங்கே நாலு பையன்களை வைத்து வேலை வாங்கியவர் அங்கே நாலு பேரில் ஒருவராகிறார். இதற்குத் தொகை போட எனக்குத் தெரியவில்லை, ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்பவரை நம்பமாட்டேன்.

இனி வீட்டாரைப் பற்றி. ஒர்க் பெர்மிட்டில் போகிறவர் மனைவி மக்களை அழைத்துச் சென்று குடிவைக்க அங்கே அனுமதியில்லை. எஸ் பாஸ் கிடைத்தாலும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருந்தால்தான் குடும்பத்துக்கு அனுமதி கேட்கலாம். ஆகவே இது அவர் ஒருவர் போகிற பயணம், வீடு இங்கேயே. நமக்கு இது பழக்கமான சங்கதி. சபராளி என்ற சொல்லே நம் மக்களிடம் உண்டு. நாகூரிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கப்பலேறி வந்து, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் போய், பிள்ளைகளின் முகத்தைப் படத்தில் பார்த்து வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்களின் தியாகத்தைக் கூட்டங்களில் புகழ்கிறோம், புகழத் தக்கதே. ஆனால் அந்தத் தியாகத்தில் பாதி, ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த பெண்களுடையது. அவர்கள் கணக்கை எந்தப் பேரேட்டிலும் யாரும் எழுதவில்லை. போகலாமா என்று அவர்களிடம் கேட்டதாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

அக்காலத்தில் வேறு வழியில்லை, பஞ்சம் துரத்தியது என்று சொல்லலாம். இன்று ஈப்போவில் 4,000 வாங்குகிறவரைப் பஞ்சம் துரத்தவில்லை. ஆகவே கேள்வியும் மாறுகிறது. எல்லாம் பிள்ளைகளுக்காக என்கிறார். பிள்ளைகளுக்காகச் சம்பாதிப்பதில் பிள்ளைகளின் தகப்பனே செலவாகிவிட்டால், அந்தச் செலவை யார் பற்றில் எழுதுவது? மனைவிக்குச் சோறு, துணி மட்டுமல்ல, உறைவிடமும் கடமை என்று மதரஸாவில் ஓதினோம். உறைவிடம் என்றால் நாலு சுவரை வாங்கிக் கொடுத்துவிட்டு அதில் உறையாமல் இருப்பதா? கலீபா உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் போருக்குப் போன வீரர்களை வீட்டுக்குத் திருப்பியனுப்பத் தவணை வைத்த செய்தி நாம் அறிந்தது. தவணை நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. எத்தனை மாதம் என்பதைவிட, அத்தவணையை வைக்குமுன் அவர்கள் தம் மகளாரிடம், ஒரு பெண்ணிடம், கேட்டார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வேறு சிலர் எதிர்ப்பக்கமிருந்து பேசுகிறார்கள். தொழில் தெரிந்தவரெல்லாம் அக்கரை போய்விட்டால் இங்கே ஒரு மீட்டர் மாட்ட ஆளில்லை, ஊருக்கு ஒரு கடமை இல்லையா என்று. அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. ஊருக்கு நல்ல வயர்மேன் வேண்டுமானால் ஊர் அவருக்கு நல்ல கூலி கொடுக்கட்டும். பேரம் பேசி ஐம்பது ரிங்கிட்டைக் குறைத்துவிட்டுத் தேசாபிமானம் பேசுவது அழகல்ல.

ஆனால் இன்னொரு பாதிப்பு மெய்யானது. என் கடைத் தெருவிலேயே காண்கிறேன். சிங்கை வெள்ளி வாங்குகிறவர் இக்கரையில் வீடு கேட்டால், வீட்டுக்காரர் ரிங்கிட் சம்பளத்தை மனத்தில் வைத்து வாடகை சொல்வதில்லை. பாலம் தாண்டாத பள்ளிக்கூட ஆசிரியர், கடைச் சிப்பந்தி, இங்கேயே வேலை பார்க்கும் மின்சாரத் தொழிலாளி ஆகியோரும் அதே வாடகையைத்தான் கொடுக்க வேண்டும். என்னிடம் வேலை செய்யும் பையன் மூன்று வருஷத்தில் இரண்டுமுறை ஊருக்கு வெளியே தள்ளிக் குடிபோய்விட்டான். வந்தவர் மீது குற்றமில்லை. அவரும் ஒரு கூரையைத்தான் தேடினார். குற்றம் செய்யாமலே ஒருவர் மற்றவருக்குப் பாரமாகலாம் என்பதை மாத்திரம் நினைவில் வைத்தால், வாடகை பேசும்போது கேட்டதைக் கொடுத்து விலையைக் கெடுக்காமலாவது இருக்கலாம்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் போ என்றும் சொல்வதில்லை, போகாதே என்றும் சொல்வதில்லை. தம்பி, ஒரு தாளை எடு, சம்பளத்தை எழுதாதே, மிச்சத்தை எழுது, சேமநிதியை மறக்காதே, அறையை முதலாளி கொடுக்கிறாரா, நீயே பார்க்க வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கு, எத்தனை வருஷம் என்று ஒரு முடிவுத் தேதி போடு. பிறகு அந்தத் தாளை உன் மனைவியிடம் கொடுத்து, விட்டுப்போனதை அவளைச் சேர்க்கச் சொல் என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒருவர் மட்டும் அப்படியே செய்தார். அவர் மனைவி சேர்த்தது ஒரே வரி: அவருடைய தாயாரை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு யார் அழைத்துப் போவது? அவர் போகவில்லை. அதே தாளோடு வந்த இன்னொருவர் வீட்டில், இரண்டு வருஷம் போய்க் கடனை அடைத்துவிட்டு வாருங்கள் என்று அந்த அம்மாளே எழுதியிருந்தார். அவர் போயிருக்கிறார்.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர் ரயில் 2026 முடிவில் ஓடத் தொடங்கும் என்று இரு அரசாங்கங்களும் அறிவித்திருந்தன. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றும் திட்டம். நான்கு மணி நேரம் ஒன்றரை ஆனால் மேலே போட்ட கணக்கு மாறும், திரும்பப் போட வேண்டும். போடுகிறவர்கள் வாடகை வரியையும் புதிதாக விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். ரயில் ஓடுமுன்னே வீட்டுக்காரர்கள் தங்கள் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார்கள்.