பிழையின் பாரம் யார் தோளில்?

கணினி மென்பொருளை ஆக்குவோர் மத்தியிலே தர ஆய்வாளர் என்றொரு பிரிவினர் உளர். பிறர் ஆக்கியதைச் சோதித்து, அதிலுள்ள பிழைகளைக் கண்டறிந்து பதிவு செய்வதே இவர்தம் கடமை. நம் மாணவர் பலரும் இன்று இத்தொழிலை நாடிக் கொழும்பு நிறுவனங்களுக்குச் செல்கின்றனர். வெளிப்பார்வைக்கு இது வெறும் தொழில்நுட்பக் கருமமாகவே தோன்றும். ஆயின், இதன் நடுவே மிகப் பழைய அறவியல் வினாவொன்று கிடக்கின்றது. பிழையைக் கண்டவர் அதை எடுத்துச் சொன்னதோடு அவர் கடமை முடிந்துவிடுகின்றதா? சொன்ன பின்னரும் அது திருத்தப்படாமல் வெளியே சென்று யாரையோ வருத்துமாயின், அப்பொறுப்பு யாரைச் சாரும்? இவ்வினாவையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் இத்தொழில் நடைபெறும் முறையை நோக்குவோம். முன்னர் பெருந்திட்டமொன்று வகுத்து, மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில் எழுதி, இறுதியிலே சோதிப்பது பெருவழக்காக இருந்தது. 2001ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே பதினேழு மென்பொருளாளர் கூடி, இவ்வழக்கத்திற்கு மாறான கொள்கைப் பிரகடனமொன்றை வெளியிட்டனர். அதிலிருந்து ‘அஜைல்’ என்னும் பெயர் உலகெங்கும் பரவிற்று. இம்முறையிலே வேலை ‘ஸ்பிரின்ட்’ எனப்படும் சிறு சுற்றுகளாகப் பிரிக்கப்படும். சுற்றொன்று பெரும்பாலும் இரண்டு வாரம். மிஞ்சினால் ஒரு மாதம். நாள்தோறும் குழுவினர் கால்மணி நேரம் கூடிப் பேசுவர். தரம் என்பது சோதிப்பவரின் தனிப்பொறுப்பன்று, குழு முழுவதற்கும் உரியது என்பர். எழுதுபவரையும் சோதிப்பவரையும் ஒரே மேசையில் அமர்த்தும் இக்கொள்கை வரவேற்கத்தக்கதே. ஒருவர் உழைப்பை மற்றவர் அறியாத பழைய முறையை விட இது மேலானது என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால், நடைமுறையை உற்றுநோக்குமிடத்து முரண்பாடொன்று புலப்படும். சுற்றின் இறுதி நாளிலே ஆய்வாளர் பிழையொன்றைக் காண்கின்றார். பதிவு செய்கின்றார், கூட்டத்திலும் சொல்கின்றார். வாடிக்கையாளருக்குக் கொடுத்த தவணையோ நாளையுடன் முடிகின்றது. “அடுத்த சுற்றிலே பார்த்துக்கொள்வோம்” என்ற தீர்ப்பு வருகின்றது. அடுத்த சுற்றிலே புதிய வேலைகள் வந்து குவிகின்றன. பிழை பட்டியலின் அடிக்குச் சென்று, அங்கேயே கிடக்கின்றது. தவணையைக் குறித்தவர் கூட்டத்திலே இல்லை. கூட்டத்திலே இருந்தோர்க்குத் தவணையை மாற்றும் உரிமை இல்லை. பொறுப்பு எல்லோர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதிகாரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. அதிகாரமில்லாதவரிடத்துப் பொறுப்பை மட்டும் ஒப்படைப்பது கூட்டுழைப்பு ஆகாது. அது பழியைப் பங்கிடும் உபாயமே.

இம்முறையின் மூலவேர்களுள் ஒன்று யப்பானிலுள்ளது. ‘ஸ்கிரம்’ என்ற பெயர், யப்பானிய நிறுவனங்கள் புதுப்பண்டங்களை ஆக்கிய முறையை ஆராய்ந்த 1986ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றின் உவமையிலிருந்து வந்தது. ‘கன்பான்’ என்பது டொயோட்டா மோட்டார் ஆலைகளின் உற்பத்தி முறையைச் சேர்ந்தது. அவ்வாலைகளிலே தொழிலாளரின் தலைக்கு மேலே கயிறொன்று தொங்கிற்று. குறையைக் கண்டவர் அதை இழுக்கலாம். உரிய நேரத்துள் குறை தீராவிடின், உற்பத்தித் தொடர் நின்றுவிடும். முதலாளி இவ்வுரிமையைக் கருணையினால் வழங்கவில்லை. குறையுள்ள மோட்டார் பின்னால் அதிக நட்டம் தரும் என்ற கணக்கே காரணம். எனினும், கயிறு கையெட்டும் தூரத்திலே இருந்தது. மென்பொருள் நிறுவனங்களிற் பல யப்பானிலிருந்து வேகத்தை எடுத்துக்கொண்டு, கயிற்றை அங்கேயே விட்டுவிட்டன.

கயிறில்லாத இடத்திலே என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் தபாற் கந்தோர் வழக்குகள் சான்று. ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருள் 1999ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுத் தபாற் கந்தோர்களெங்கும் நிறுவப்பட்டது. அதை ஆக்கிய நிறுவனம் புஜிட்சுவுக்கு உரித்தானது. அது அஜைல் பிரகடனத்திற்கு முற்பட்ட காலம். எனினும், மென்பொருளின் முக்கிய பகுதியொன்று அக்காலத்து ‘விரைவு உருவாக்க’ முறையிலேயே தொடங்கப்பட்டது. அப்பகுதியிலே குவிந்த பிழைகளை ஆராய 1998இல் நிறுவனத்துள்ளேயே ஒரு குழு அமைந்தது. எழுத்தின் தரம் தாழ்ந்திருப்பதை அக்குழு வெளிப்படையாக அறிவித்தது. ஆயினும், அப்பகுதி முற்றாக மீள எழுதப்படவில்லை. பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திச் செல்வதே போதுமெனக் கொள்ளப்பட்டது.

விளைவு யாது? கணினி காட்டிய குறைபணத்தை உப தபாலதிபர்களே தம் கைப்பணத்திலிருந்து கட்ட நேர்ந்தது. கட்ட இயலாதோர் திருடரெனப்பட்டனர். 1999 முதல் 2015 வரை தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மீது குற்றத் தீர்ப்பு வழங்கப்பட்டது. கருவுற்றிருந்த ஒரு பெண் 2010இல் சிறை சென்றார். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தோர் பலருக்கு, “வேறெவர்க்கும் இப்படி நேரவில்லை” என்றே சொல்லப்பட்டது. கணினி ஒழுங்காக இயங்கியதை அதைச் சான்றாகக் கொணர்வோரே நிறுவவேண்டும் என்றிருந்த விதியையும் 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்று நீக்கியிருந்தது. இயந்திரம் உண்மை பேசும் என்று சட்டம் ஊகித்தது, மனிதர் பொய்யராயினர்.

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். பிழையே இல்லாத மென்பொருள் உலகில் இல்லை. எல்லாவற்றையும் திருத்திய பின்னரே வெளியிடுவதாயின் எதுவும் வெளிவராது. எனவே எது முந்தியது, எது பிந்தியது என வரிசைப்படுத்தியே ஆகவேண்டும் என்பர். இது மெய்யே. எத்துணை சோதித்தாலும் பிழையில்லை என்று நிறுவ இயலாது என்பதையும் இத்தொழிலறிந்தோர் நன்கறிவர். நமது வினா வரிசைப்படுத்தலாமா என்பதன்று. எந்த அளவுகோலால் வரிசைப்படுத்துவது என்பதே. இன்று பிழையின் பாரதூரம் பெரும்பாலும் இயந்திரத்தை வைத்தே அளக்கப்படுகின்றது: மென்பொருள் நின்றுபோகின்றதா, எத்தனை பேருக்கு நேர்கின்றது, எவ்வளவு வருமானம் குறையும் என்றவாறு. சில ரூபா கணக்குப் பிசகு, அதுவும் எப்போதோ நேர்வது, இவ்வளவுகோலிலே அற்பமாகிவிடும்.

எமது கருத்தின்படி, பிழையின் பாரதூரம் சமூக உறவொன்றிலே தங்கியுள்ளது. இப்பிழை நேரும்போது நட்டத்தைச் சுமப்பவர் யார்? தவறு தன்னுடையதன்று எனக் காட்ட அவரிடம் வழியுண்டா? வங்கி முதலாளியைத் தாக்கும் பிழை அன்றே திருத்தப்படும். அவர் குரல் கூட்டத்தை எட்டும். கிராமத்துத் தபாற் கந்தோரில் தனியே அமர்ந்திருப்பவரின் குரல் எட்டாது. கூட்டத்திற்கு வரவியலாத அம்மனிதரின் இடத்திலே நின்று பேசவேண்டியவரே தர ஆய்வாளர். “இரண்டாந்தரப் பிழை” என்று எழுதுவதோடு அமையாது, “இதனால் ஒருவர் கள்வரென்ற பெயர் பெறக்கூடும்” என்று எழுதும்போதுதான் அவர் தம் கடமையின் முற்பாதியை நிறைவேற்றுகின்றார்.

பிற்பாதி அவரால் தனித்து ஆற்றக்கூடியதன்று. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஒருவரைத் தனியே நின்று தியாகியாகுமாறு கேட்பது எளிது. கேட்பவர்க்கு அதனால் இழப்பேதுமில்லை. சொல்லிய பின்னும் வெளியிட்டவரின் குற்றத்தை, சொல்லியவர் தலையிலே ஏற்றுவது நீதியாகாது. ஆயின், “நான் பதிவு செய்துவிட்டேன்” என்ற வாக்கியத்தினுள் நிம்மதியாக உறங்கவும் அவருக்கு உரிமையில்லை. கயிற்றைக் கோரும் கடமை அவருக்குண்டு. மனிதரைத் துன்புறுத்தவல்ல பிழையைக் குழுவிலுள்ள எவர் காட்டினாலும், அது தீரும்வரை வெளியீடு நிற்கும் என்ற விதியை எழுத்திலே பெறவேண்டும். அதைத் தனியொருவராகக் கேட்டால் பிடிவாதம் என்பர். எழுதுவோரும் சோதிப்போரும் ஒன்றாகக் கேட்டால் அது தொழில் நிபந்தனையாகும்.

இங்கிலாந்தின் உப தபாலதிபர்களும் தனித்தனியே நின்றவரை பொய்யரெனவே கருதப்பட்டனர். 555 பேர் ஒன்றுகூடித் தொடுத்த வழக்கிலேதான், 2019 திசெம்பரில், மென்பொருளின் பிழைகள் கணக்கிலே குறையைத் தோற்றுவித்தன என்று உயர்நீதிமன்றம் தீர்த்தது. 2024இல் பாராளுமன்றம் சட்டமியற்றிப் பழைய தண்டனைத் தீர்ப்புகளை ஒருங்கே நீக்கிற்று. அதற்குள் சிலர் இறந்துவிட்டிருந்தனர். பிழையைச் சுமந்தோர் ஒன்றுசேரப் பல ஆண்டுகள் சென்றன. பிழையை முதலிலே காண்போர் ஒன்றுசேர அவ்வளவு காலம் வேண்டியதில்லை; அவர்கள் ஏற்கெனவே ஒரே மேசையைச் சுற்றி நாள்தோறும் கூடுகின்றனர்.