காணாத சுழலைக் கற்றவர்கள்

டொர்னாடோ என்பது இடிமேகத்தின் அடியிலிருந்து தரைவரை நீண்டு கடும் வேகத்தில் சுழலும் காற்றுத் தூண். கண்ணில் படுவது அந்தக் காற்று அல்ல. சுழலின் நடுவில் அழுத்தம் குறைவதால் உள்ளே புகும் காற்று விரிந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி, யானைத் துதிக்கை போல் தொங்கும் மேகமாகத் தெரிகிறது. தரையருகே அதற்கு நிறம் கொடுப்பவை புழுதியும் பிய்த்தெறியப்பட்ட பொருள்களும். வங்கக் கடலில் பிறக்கும் புயல் இதிலிருந்து முற்றிலும் வேறு. புயலுக்குப் பல நூறு கிலோமீட்டர் அகலம், பல நாள் ஆயுள். பெயர் சூட்டி, துறைமுகத்தில் கூண்டு ஏற்றி, கரை கடக்கும் நேரம் சொல்லிக் காத்திருக்க முடியும். டொர்னாடோ பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும். சில நிமிடங்களில் முடிந்தும்விடும். தெருவின் ஒரு சிறகில் கூரைகளைப் பிய்த்துவிட்டு எதிர்ச்சிறகைத் தொடாமலே போகும்.

வானிலை ஆர்வலர்களில் ஒரு சாராருக்கு மழையளவும் வெயிலளவும் தராத கிளர்ச்சியை இது தருகிறது. அந்தக் கிளர்ச்சியோடு ஒரு சங்கடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பார்க்க ஏங்கும் காட்சி, யாரோ ஒருவருடைய வீடு போகும் காட்சி. இந்த ஏக்கத்தை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது? இந்தக் கேள்விக்கு டொர்னாடோவால் பெயர்பெற்ற அமெரிக்காவைவிட, அதை அரிதாகவே காணும் டென்மார்க்கில் அதிகம் விடை கிடைக்கிறது.

டென்மார்க் தட்டையான நாடு. அதன் மிக உயர்ந்த இயற்கை மேடான மோலஹோய் 171 மீட்டர்தான். கடலிலிருந்து அதிகபட்சம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் தள்ளிப் போக முடியும். எதிர்ப்பக்கத்துக் கடல் நெருங்கிவிடும். வலுவான டொர்னாடோவுக்குத் தாழ்வில் வெதுவெதுப்பான ஈரக்காற்று வேண்டும், உயரத்தில் குளிர்ந்த வறண்ட காற்று வேண்டும், உயரம் ஏற ஏறக் காற்றின் திசையும் வேகமும் மாறவும் வேண்டும். அமெரிக்கச் சமவெளியில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரமும் ராக்கி மலைப்பக்கத்து வறட்சியும் மேலடுக்குக் காற்றோட்டமும் வசந்தந்தோறும் ஒன்றுகூடுகின்றன. டென்மார்க்கில் அதே பருவத்தில் சுற்றிலும் உள்ள கடல் குளிர்ந்து கிடக்கும். இடிமேகம் வளர வேண்டிய சூடு தாழ்வில் சேருவதில்லை.

கோடை முடியும்போது நிலைமை தலைகீழாகிறது. பல வார வெயிலை வாங்கிய கடல் சூடாக இருக்க, வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று அதன் மேல் பரவும். இரு காற்றோட்டங்கள் சந்திக்கும் கோட்டில் சிறு சுழிகள் கிடக்கும். அவற்றின் மேல் ஒரு மேகம் விறுவிறுவென்று வளர்ந்தால் சுழி மேல்நோக்கி இழுபட்டு ஒடுங்கும். ஒடுங்க ஒடுங்க வேகம் கூடும். காட்டெகாட் கடலிலும் ஓரெசுண்ட் நீரிணையிலும் ஆகஸ்ட், செப்டம்பரில் மக்கள் கரையில் நின்று பார்க்கும் நீர்த்தாரைகள் இப்படி உருவாகின்றன. கடலில் இறங்கினாலும் நிலத்தில் இறங்கினாலும் டேனியர்கள் இதை ‘ஸ்க்யூபும்பெ’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை வலுவற்றவை. படகில் இருப்பவர் விலகிப் போக வேண்டும். கரையில் இருப்பவருக்கு ஆபத்தில்லாத அழகு. அந்நாட்டை உண்மையில் உலுக்குபவை வேறு: 1999 டிசம்பர் 3 அன்று ரோமோ தீவில் வினாடிக்கு 51 மீட்டருக்கு மேல் வீசிய புயற்காற்று, 2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகன் தெருக்களை ஓரிரு மணி நேரத்தில் வெள்ளக்காடாக்கிய மேகவெடிப்பு போன்றவை.

ஆக, டென்மார்க்கில் பிறந்த ஒருவர் டொர்னாடோ மேல் ஆசை கொண்டால் பெரும்பாலும் அதைப் பார்க்காமலே வயதாகிவிடுவார். இது குறையாகத் தோன்றும். ஆனால் இந்தக் குறைதான் அங்கே ஒரு நல்ல பழக்கத்தை வளர்த்தது. தான் பார்க்க முடியாததை, பார்த்தவர்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது.

இந்த வரிசையில் முதலில் வருபவர் பள்ளிப் பாடநூலில் எல்லோரும் சந்தித்தவர். மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதை 1820-இல் கண்டறிந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓயர்ஸ்டெட், லாங்கெலாண்ட் தீவில் ஒரு மருந்துக் கடைக்காரரின் மகனாக 1777-இல் பிறந்தவர். புகழின் உச்சியில், அறுபது வயதைக் கடந்தபின், அவர் நீர்த்தாரைகளைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்று எழுதினார். 1838-இல், அப்போது டேனிய மன்னரின் ஆட்சியில் இருந்த ஆல்டோனாவில் வானியலாளர் ஷூமாகர் நடத்திய ஆண்டிதழில் அது வந்தது; மறு ஆண்டே ஆங்கிலத்திலும் படிக்கக் கிடைத்தது. அதன் சரக்கு முழுவதும் மாலுமிகளும் ஊர்க்காரர்களும் சொல்லிவிட்டுப் போன சாட்சியங்கள். எவ்வளவு நேரம் நின்றது, எந்தப் பக்கம் நகர்ந்தது, எதைப் பெயர்த்தது, என்ன ஓசை வந்தது என்று அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதில் எல்லோரும் உடன்படுகிறார்கள் என்று அவர் தேடினார். தரங்கம்பாடி அப்போது இன்னும் டேனியக் கொடியின் கீழ் இருந்தது. கோபன்ஹேகனிலிருந்து அங்கே போய்வந்த கப்பல்கள் கடந்த வெப்பமண்டலக் கடல்கள் நீர்த்தாரைக்குப் பேர்போனவை.

ஓயர்ஸ்டெட்டின் விளக்கம் சுழலும் காற்றிலிருந்து தொடங்குகிறது. இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். அந்தக் காலத்தில் புதிராக எது தெரிந்தாலும் அதை மின்சாரத்தின் தலையில் கட்டுவது வழக்கமாக இருந்தது. வெப்பமும் மின்னோட்டமும் பற்றிய விளைவொன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்த பிரெஞ்சுக்காரர் ழான் பெல்த்தியே, 1840-இல் ஒரு புத்தகமே எழுதி இத்தகைய சுழல்களுக்கு மின்சாரமே காரணம் என்று வாதாடினார். மின்காந்தத்தையே கண்டறிந்த மனிதருக்கு அந்த ஆசை இன்னும் எளிதில் வந்திருக்கலாம். ஆனால் அவர், சுழலைக் கண்ணால் பார்த்தவர்களின் சொல்லோடு நின்றுகொண்டார்.

அவருடைய ஆதரவில் வளர்ந்த லுட்விக் ஆகுஸ்ட் கோல்டிங் அதே வழியில் போனார். ஆற்றல் அழியாது என்ற கருத்தை 1843-இலேயே எழுதியவர், பின்னாளில் கோபன்ஹேகன் நகரப் பொறியாளர். டேனியர் வசமிருந்த கரீபியத் தீவான செயின்ட் தாமஸை 1871 ஆகஸ்ட் 21 அன்று சூறையாடிய புயலை, அங்கிருந்து வந்த அளவீடுகளைக் கொண்டு ஆராய்ந்து கட்டுரையாக்கினார். மறு ஆண்டு டேனிய வானிலை நிறுவனம் பிறந்தது.

டொர்னாடோ வரலாற்றில் டென்மார்க்கோடு பிணைந்த இன்னொரு பெயர் ஒரு ஜெர்மானியருடையது. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரெட் வேகனர் தொழிலால் வானிலையாளர். 1906-இல் அண்ணன் குர்ட்டோடு 52 மணி நேரத்துக்கு மேல் பலூனில் மிதந்து உலகச் சாதனை செய்தபோது காற்று அவர்களை டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்தின் மேல்தான் கொண்டுபோனது. அதே ஆண்டு டேனிய ஆய்வுப் பயணக் குழுவோடு வடகிழக்குக் கிரீன்லாந்துக்குப் போனார்; பட்டமும் பலூனும் ஏற்றி மேலடுக்குக் காற்றை அளந்தார். குழுத் தலைவர் மீலியஸ் எரிக்சன் உட்பட மூவர் அந்தப் பயணத்திலிருந்து உயிரோடு திரும்பவில்லை. 1912–13-இல் டேனிய அதிகாரி யோகன் பீட்டர் கோக்குடன் மறுபடி போய்ப் பனிப்பரப்பின் மேலேயே குளிர்காலத்தைக் கழித்து, கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார்.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் வேகனர் காயம்பட்டுப் போர்முனையிலிருந்து விலக்கப்பட்டார். 1915-இல் கண்ட நகர்வு நூல் வந்தது. 1917-இல் வந்தது, இன்று அதிகம் பேர் அறியாத மற்றொரு நூல்: ஐரோப்பாவின் நிலச் சுழல்களையும் நீர்ச் சுழல்களையும் பற்றியது. பல நூற்றாண்டுகளின் நாளேடுகள், கடிதங்கள், திருச்சபைப் பதிவுகளிலிருந்து 258 நிகழ்வுகளைத் திரட்டி, நேரம், பருவம், பாதை, சுழலும் திசை என்று பிரித்து அடுக்கினார். ஐரோப்பா தன் ஊர்களைத் தானே பீரங்கியால் தகர்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், பழைய காலத்தில் காற்று தகர்த்த ஊர்களை ஒருவர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். அதைத் தப்பித்தல் என்று சொல்லலாம். சொன்னால் தவறும் இல்லை. ஐரோப்பாவில் ஆண்டுக்கு நூறு டொர்னாடோவாவது வரும் என்று அவர் போட்ட கணக்கு அன்று மிகையாகத் தோன்றியிருக்கும். இன்றைய பதிவுகள் அதைவிடக் கூடுதலாகவே காட்டுகின்றன. மேகத்துக்குள் கிடைமட்டமாகக் கிடக்கும் சுழல் ஒன்று வளைந்து தரைக்கு இறங்குகிறது என்று பின்னர் 1928-இல் அவர் முன்வைத்த கருத்தும், கிடைச்சுழற்சியை மேலெழும் காற்று நிமிர்த்துகிறது என்ற இன்றைய விளக்கத்துக்கு வெகு தொலைவில் இல்லை. 1930 நவம்பரில் ஐம்பதாம் வயதில் கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். அவரால் தூண்டப்பட்ட எஸ்டோனியர் யோகன்னஸ் லெட்ஸ்மான், சேதத்தை எப்படி ஆராய்வது, சாட்சிகளிடம் எதைக் கேட்பது என்று 1937-இல் வழிமுறையே வகுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பா இந்த மரபை மறந்துபோனது.

மறந்தாலும் சுழல் நிற்கவில்லை. 1962 பிப்ரவரியில், கடுங்குளிர் காலத்தில், மேற்கு ஜட்லாந்தின் ஹோல்ஸ்டெப்ரோ நகரில் ஒரு டொர்னாடோ புகுந்து ஏராளமான வீடுகளைச் சிதைத்தது. கடலோர நீர்த்தாரைகளைப் போல இது சூட்டை நம்பிப் பிறந்ததல்ல. குளிர்காலப் புயல்களில் சூடு குறைவு. ஆனால் உயரத்துக்கு உயரம் காற்று மாறும் வேகம் மிக அதிகம், அதுவும் சுழலை உண்டாக்கப் போதும். ஹோல்ஸ்டெப்ரோ வெளியே அதிகம் பேசப்படாமல் போனதற்கு ஒரு காரணம் எளிது: அதே மாதம் 16, 17 தேதிகளில் வடகடல் பொங்கி ஹாம்பர்க் நகரில் முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது.

அமெரிக்காவில் இதே ஆசை வேறு வழியில் போனது. சுழல் அங்கே பக்கத்திலேயே வருவதால் ஆர்வலர் காரை எடுத்துக்கொண்டு அதைத் தேடிப் போகலாம். வடக்கு டக்கோட்டாவின் டேவிட் ஹோட்லி 1956-இல் இப்படித் துரத்தத் தொடங்கினார்; 1977-இல் அதற்கென்று ஓர் இதழும் நடத்தினார். துரத்தியவர்கள் கண்டு சொன்னவை எச்சரிக்கைக்கும் ஆராய்ச்சிக்கும் உதவின என்பதில் ஐயமில்லை. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே, நான்கு கிலோமீட்டருக்கு மேல் அகன்ற டொர்னாடோ திடீரென்று திசைமாறியபோது, சுழலின் பாதையில் கருவி வைத்து அளப்பதில் முன்னோடியான டிம் சமராஸும் அவர் மகனும் உடன் சென்ற கார்ல் யங்கும் இறந்தனர். அவர்கள் அசட்டுத் துணிச்சல்காரர்கள் அல்ல. அந்தத் துறையிலேயே மிகவும் நிதானமானவர்கள் என்று மதிக்கப்பட்டவர்கள்.

துரத்துவோர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. ‘நாங்கள் ஆசைப்படுவதால் காற்று வருவதில்லை, ஆசைப்படாவிட்டால் நிற்கப்போவதுமில்லை.’ உண்மைதான். ஆனால் ஆசை காற்றைத் தொடாவிட்டாலும் ஆசைப்படுபவரின் கண்ணைத் தொடும். படத்தின் சட்டகத்துக்குள் சுழல் முழுதாக வர வேண்டும் என்று நினைப்பவருக்கு, அதன் காலடியில் இருக்கும் வீடு அளவு காட்டும் பொருளாகிவிடுகிறது. வெட்டவெளியில் வரட்டும் என்று வேண்டிக்கொள்வதும் பாதி ஆறுதல்தான். டென்மார்க்கின் நிலத்தில் பாதிக்கு மேல் பயிர் நிலம், அங்கே வெட்டவெளி என்பது யாரோ ஒருவரின் வயல். தமிழருக்கு இது அந்நியமான சிக்கல் அல்ல. 1964 டிசம்பரில் கடல் கொண்ட தனுஷ்கோடிக்கு இன்று போகிறவர்களில் பலர் இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த இரவில் என்ன நடந்தது என்று அங்கே மீன் விற்கும் குடும்பத்தாரிடம் கேட்பவர்கள் குறைவு.

ஆர்வலர் டொர்னாடோக்களைத் தரம்பிரித்துப் பேச உதவும் எண்ணிலேயே இந்தச் சங்கடம் இருக்கிறது. சிகாகோவில் பணியாற்றிய தெத்சுயா ஃபுஜிதா 1971-இல் வகுத்த அளவுகோல் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை போகிறது. அது காற்றை நேரடியாக அளப்பதில்லை. சுழலுக்குள் நின்று அளந்து மீளும் கருவி அரிது என்பதால், எது இடிந்தது, எவ்வளவு இடிந்தது என்று பார்த்துக் காற்றின் வேகத்தைப் பின்னோக்கி ஊகிக்கிறது. ஆகவே ‘இது நான்காம் தரம்’ என்று ஒருவர் வியந்து சொல்லும்போது, நன்றாகக் கட்டிய வீடுகள் தரைமட்டமாயின என்றே சொல்கிறார். எதையும் தொடாமல் கடலில் எழுந்து கடலிலேயே கரையும் டேனிய நீர்த்தாரைக்கு இந்த அளவுகோலில் பெரும்பாலும் இடமே இல்லை. பார்க்க எவ்வளவு பிரமாண்டமாக இருந்தாலும் அதற்குத் தரம் கிடைக்காது.

வேகனரும் லெட்ஸ்மானும் விட்ட இழையை மறுபடி எடுத்தவர் ஜெர்மானிய ஆய்வாளர் நிக்கொலாய் டோட்செக். அவர் முயற்சியால் உருவான ஐரோப்பியக் கடும்புயல் ஆய்வகம் 2006 முதல் பொதுமக்கள் அனுப்பும் தகவல்களைத் தொகுத்துவருகிறது. ஒவ்வொரு தகவலும் எவ்வளவு சரிபார்க்கப்பட்டது என்று படிநிலை இட்டுப் பதியப்படுகிறது. கைப்பேசி வந்தபின் டென்மார்க்கிலிருந்தும் படங்கள் பெருகியுள்ளன. தரையைத் தொடாத மேகப் புனலும், வெறுமனே கிழிந்து தொங்கும் தாழ்மேகமும் டொர்னாடோ என்ற பெயரில் வந்து சேர்வதால், கழித்துக்கட்டும் வேலையும் பெருகியிருக்கிறது.

2021 ஜூன் 24 அன்று செக் நாட்டின் தெற்கு மொராவியாவில் ஒரு டொர்னாடோ சுமார் 27 கிலோமீட்டர் தூரம் ஊர்களின் வழியே சென்று ஆறு பேர் உயிரைப் பறித்தது. பல நாட்டு ஆய்வாளர்கள் தெருத் தெருவாகப் போய், எந்தச் சுவர் எந்தப் பக்கம் விழுந்தது, கூரை எதில் பிணைக்கப்பட்டிருந்தது என்று குறித்தார்கள். அமெரிக்க மரச்சட்ட வீட்டை வைத்து வகுத்த கணக்கு ஐரோப்பாவின் செங்கல் வீட்டுக்குச் செல்லாது என்பது அங்கே கண்ணெதிரே தெரிந்தது. கட்டடத்தின் வலுவையும் மரத்தின் வகையையும் வாகனத்தின் எடையையும் தனித்தனியே கணக்கில் கொள்ளும் சர்வதேச ஃபுஜிதா அளவுகோலை அந்த ஆய்வகம் 2023-இல் வெளியிட்டது. ஹோல்ஸ்டெப்ரோவில் நடந்ததைப் போல இன்னொன்று டேனிய மண்ணில் நடந்தால் அதைத் தரம்பிரிக்கக் கையில் இருக்கும் கருவி இதுதான். அதை நிரப்ப வேண்டிய விவரங்களைத் தரப்போகிறவர்கள் அந்த வீடுகளில் இருந்தவர்கள்.