வெந்நீரூற்றின் செல்வம் எவர்க்குரியது?

தான் படைக்காத ஒன்றைக் கண்டெடுத்துப் பயன்படுத்தும் மனிதனுக்கு அது முற்றாக உரியதாகிவிடுமா? மெய்யியலில் பழமைவாய்ந்த இவ்வினாவை, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரொன்றின் வரலாறு நம் காலத்தில் மீண்டும் எழுப்பியுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவிலுள்ள வெந்நீரூற்றொன்றில் 1966 இல் பெற்ற மாதிரியிலிருந்து பேராசிரியர் தோமஸ் புறொக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் பிறீஸும் ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தனர். 1969 இல் அதற்குத் 'தேர்மஸ் அக்குவாற்றிக்கஸ்' எனப் பெயரிட்டனர். உயிர் எத்துணை வெப்பத்தைத் தாங்கி வாழும் என்பதே அவர்களது வினா, ஆதாயம் அன்று. அவ்வுயிரின் வளர்ப்பினைப் பிற ஆய்வாளரும் பெறத்தக்கவாறு சேமிப்பகமொன்றில் ஒப்படைத்தனர்.

1983 இல் சீற்றஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கரி முலிஸ், டி.என்.ஏ.யைப் பல்கிப் பெருக்கும் முறையொன்றைச் சிந்தித்தார். ஏறத்தாழ 95 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரு இழைகளும் பிரியும். பின்னர் தணிந்த வெப்பத்தில் நொதியம் ஒவ்வோர் இழைக்கும் துணையிழை அமைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் தொகை இரட்டிப்பதால், முப்பது சுற்றுகளில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். ஆயின் முதலிற் பயன்படுத்திய நொதியம் அவ்வெப்பத்தில் அழிந்தது. சுற்றுதோறும் புதிதாக இடவேண்டியிருந்தது. வெந்நீரூற்று உயிரியின் நொதியமோ அழியாது நின்றது. ஆர்.என்.ஏ.யை முதலில் டி.என்.ஏ.யாக மாற்றிப் பின் பெருக்கும் முறையே 2020 இல் கொரோனாத் தொற்றைக் கண்டறிய உலகெங்கும் உதவியது.

1991 இல் இம்முறையின் உரிமைகள் 30 கோடி டொலருக்கு ஹொவ்மன் லா றோச் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 1993 இல் முலிஸ் நோபல் பரிசு பெற்றார். பூங்காவுக்கு அச்செல்வத்திற் பங்கேதும் கிட்டவில்லை.

இயற்கைப் பொருளோடு உழைப்புக் கலக்கும்போது உடைமை பிறக்கின்றது என்பது ஜோன் லொக்கின் கொள்கை. அதன்படி நோக்கின் நிறுவனத்தின் உரிமை நியாயமானதே. முலிஸின் சிந்தனையின்றேல் அந்நொதியம் பெரும்பயன் தந்திராது என்பதையும் மறுத்தற்கில்லை. ஆனால் இங்கு கலந்தது ஒருவரின் உழைப்பு மட்டுமன்று. புறொக்கின் பயன்கருதா ஆராய்ச்சி, 1976 இல் சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்தார் அந்நொதியத்தைப் பிரித்தெடுத்தமை, 1872 இலேயே அந்நிலத்தைப் பொதுமக்களுக்கென ஒதுக்கிய சட்டம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். லொக்கும், பிறருக்குப் போதிய அளவும் அதேயளவு நல்லதும் எஞ்சியிருத்தல் வேண்டுமென்றே வரையறுத்தார்.

எனவே உரிமை வேறு, கடப்பாடு வேறு எனக் கொள்ளுதல் தகும். கண்டுபிடித்தவனுக்குப் பரிசளிப்பது நீதியே. எனினும் அப்பரிசு அவன் பட்ட கடனைத் தீர்த்துவிடாது. ஊற்று கூலி கேட்பதில்லை. ஆயினும் அதனைக் காப்போருக்கும், பயன் யாதெனக் கேளாது ஆராய்வோருக்கும் ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதி திரும்பிச் செல்லுதல் வேண்டும். அது கொடையன்று, கடன் தீர்த்தலேயாகும். இன்னும் எவரும் அறியாத ஊற்றுகளும் உயிர்களும் நாளைய தலைமுறைக்கு எஞ்சியிருத்தல் அக்கடனை நாம் தீர்ப்பதிலேயே தங்கியுள்ளது.