ஒளியின் சாட்சியம்

பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கணவனும் மனைவியும் துயில்கின்றனர். கணவர் சார்ல்ஸ் ஹே கமரன். 1833ஆம் ஆண்டு இலங்கையின் நீதிமன்ற அமைப்பைத் திருத்திய சாசனத்துக்கு அடிகோலியவர். மலைநாட்டிலே தோட்டங்களையும் உடைமையாகக் கொண்டவர். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர், 1879இல் மறைந்தார். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த டார்வினையும் டெனிசனையும் உலகறியும். இலங்கையில் அவர் எடுத்த தொழிலாளர் படங்களிலோ முகங்கள் உண்டு, பெயர்கள் பெரும்பாலும் இல்லை. ஒளி தன் கடமையைச் செய்தது. பெயரைக் கேட்டெழுத எவரும் முனையவில்லை.

சட்டமும் ஒளியும் அருகருகே உறங்கும் அந்த இடத்தை எண்ணும்போது நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. ஒளியே நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் இக்காலத்தில் ஏழைக்கு நீதி எளிதாகிவிட்டதா?

1928 பெப்ரவரியில் கல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்ட உண்மை இது: ஒருநிற ஒளி ஒரு பொருளின்மேற் படும்போது மிகப் பெரும்பகுதி நிறம் மாறாமலே சிதறும். ஏறத்தாழக் கோடியில் ஒரு துளி மட்டும் மூலக்கூறின் அதிர்வோடு ஆற்றலைக் கொடுத்தோ வாங்கியோ நிறம் மாறி வரும். அம்மாற்றம் அப்பொருளின் கைரேகை போன்றது. 1960இல் லேசர் பிறந்த பின்னர் இம்மெல்லிய குரலைக் கேட்பது எளிதாயிற்று. போதைத்தூள், வண்ணப்பூச்சு, மை, நூலிழை, நஞ்சு யாவும் இன்று இவ்வாறே அடையாளங் காணப்படுகின்றன.

இம்முறையின் சிறப்பு, தடயம் பெரும்பாலும் அழியாமையே. கண்ணாடிப் புட்டியைத் திறவாமலே உள்ளிருப்பதை அறியலாம். பொலிஸ் தரப்பு சோதித்த அதே துகளை எதிரித் தரப்பும் மீண்டும் சோதிக்கலாம். நீதிக்கு இது எவ்வளவு பெரிய கொடை! ஆனால் நாட்சம்பளத்தில் வாழும் கொழுந்து பறிப்பவளின் குடும்பம் எந்த நிபுணரை அமர்த்தும்? மறுசோதனை கோரும் உரிமை உண்டென்பதை அவளுக்கு எவர் கூறினர்? கறையும் சாயமும் கலந்த பொருளில் உடனொளிர்வு எழுந்து அக்குரலையே மூடிவிடுவதும் உண்டு. அப்போது “தெரியவில்லை” என்று எழுதும் நேர்மை கருவிக்கு இல்லை, மனிதனுக்கே வேண்டும்.

இன்னும் ஆழமான சிக்கலொன்று உண்டு. லயக் காம்பராவில் ஒரு தொழிலாளி நஞ்சால் இறக்கிறான் என்று கொள்வோம். புட்டியில் இருந்தது தேயிலைத் தோட்டங்களில் களைநாசினியாகத் தெளிக்கப்பட்ட பரகுவாட் என்று ஒளி தவறாமற் கூறும். மரண விசாரணை “தற்கொலை” என்று முடியும், கோப்பு மூடப்படும். உயிர்கொல்லும் அந்நஞ்சு அந்த லயத்திற்குள் வந்தது எங்ஙனம்? அதைக் கருவி கேளாது. கேட்பது அதன் வேலையுமன்று.

இலங்கையில் அக்கேள்வி கேட்கப்பட்டது என்பதே நமக்கு நம்பிக்கை தருவது. தனித்தனிக் கோப்புகளாய் மூடப்பட்ட மரணங்களை மருத்துவர்களும் ஆய்வாளர்களும் ஒன்றாக வைத்து எண்ணினர். மிகக் கொடிய கிருமிநாசினிகள் 1995இல் தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறக்குறையப் பாதியாயிற்று. 2008 முதல் 2011 வரை பரகுவாட்டும் படிப்படியாக விலக்கப்பட்டது. இறந்தவனை விட்டுவிட்டு, அன்று புட்டியைக் கூண்டில் ஏற்றினர். புட்டியை விற்றவனின் பெயரோ அவ்வழக்கில் இன்றுவரை எழுதப்படவில்லை.