பழுது எங்கே?

ஒரு பொருள் தன் தொழிலைச் செய்யத் தவறும்போது அதனை மாற்றுவதா, திருத்துவதா என்ற கேள்வி எழுகிறது. இதனைப் பணக் கணக்காக மட்டுமே பலர் நோக்குகின்றனர். எமக்கோ இது நீதி பற்றிய கேள்வியாகவும் தோன்றுகிறது. ஏனெனில், ஒன்றை மாற்றுவதற்கு முன் 'இது பழுது' என்று நாம் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்தீர்ப்பை எந்த விசாரணையின் பேரில் கூறுகிறோம்?

அண்மையில் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கு கூறுவது பொருந்தும். எமது அயலவர் ஒருவர் முப்பது வருடப் பழமையுடைய லொறியில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிச் செல்பவர். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தது. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோதும் புதிய லொறியின் விலை அவர் போன்றோருக்கு எட்டாக்கனியே. அந்தப் பழைய லொறிதான் அக்குடும்பத்தின் சோறு.

ஒருநாள் இரவு ஏ9 வீதியில் லொறியின் முன்விளக்குகள் மங்கின. பற்றறிக்குரிய சிவப்பு விளக்கு மெல்ல ஒளிர்ந்தது. காலையில் எஞ்சினை இயக்கப் பற்றறியில் வலுவில்லை. உதிரிப்பாகக் கடையில், "டைனமோ முடிஞ்சுது, இனிப் பெரிசா ஒண்டு பூட்டுங்கோ" என்றார்கள். 35 அம்பியருக்குப் பதிலாக 60 அம்பியர். மனைவியின் சங்கிலியை அடகு வைக்க அவர் ஆயத்தமானார். எதற்கும் ஒருமுறை காட்டிப் பார்ப்போம் என்று அவரைக் கராச்சுக்கு அழைத்துச் சென்றோம்.

நம்மவர் இன்றும் டைனமோ என்றழைக்கும் அக்கருவி உண்மையில் அல்டனேற்றர் ஆகும். எஞ்சினோடு பூட்டிய பெல்ற் அதனைச் சுழற்ற, உள்ளே சுழலும் மின்காந்தம் சூழவுள்ள செப்புச் சுருள்களில் ஆடலோட்டத்தைத் தோற்றுவிக்கிறது. டயோட்டுகள் அதனை நேரோட்டமாக்கிப் பற்றறிக்கு அனுப்புகின்றன. 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. பரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். கைத்தொழில் வேறு, அறிவு வேறு என்போர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

கராச்சிலிருந்த இளைஞன் உடனே எதையும் கழற்றவில்லை. பெல்ற்றை அழுத்திப் பார்த்தான். பக்கத்து வாகனத்தின் பற்றறியைத் தொடுத்து எஞ்சினை இயக்கினான். விளக்குகள் யாவற்றையும் எரியவிட்டு மீற்றரை எடுத்தான். 24 வோல்ற்று அமைப்பில் எஞ்சின் ஓடும்போது பற்றறியில் ஏறக்குறைய 28 வோல்ற்று இருக்கவேண்டும். அங்கோ 25 மட்டுமே இருந்தது. அல்டனேற்றரின் முனையில் அளந்தபோது 28 காட்டியது.

"கறண்ட் பிறக்குது அண்ணை, வந்து சேரேல்லை" என்றான்.

இடைவழியில் தேடினான். இரவுப் பயணத்துக்கென அயலவர் முன்னர் நான்கு மேலதிக விளக்குகளைப் பூட்டுவித்திருந்தார். ஒவ்வொன்றும் 70 வாற்று. நான்கும் 280 வாற்று. பழைய மெல்லிய வயரில் 10 அம்பியர் பாரம் கூடியிருந்தது. அவ்வயர் இணையும் இடத்தில் செப்பு பச்சைக் களிம்பு ஏறி, உறை கருகியிருந்தது. அதே வயரில் 60 அம்பியர் கருவியைப் பூட்டி மேலும் பாரம் ஏற்றியிருந்தால் தீயும் பற்றியிருக்கக்கூடும். அவன் தடித்த வயர் இட்டான். ஏர்த் இணைப்பைச் சுரண்டித் துப்புரவாக்கினான். அல்டனேற்றரில் தேய்ந்திருந்த காபனையும் மாற்றினான். சங்கிலி அடகுக்குப் போகவில்லை.

பழையதே நன்று என்று நாம் வாதிடவில்லை. 1960களில் சிலிக்கன் டயோட்டுகள் வழக்கிற்கு வந்தபின் பழைய நேரோட்ட டைனமோவின் இடத்தை அல்டனேற்றர் பிடித்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் மின் தரவல்ல அது உண்மையான முன்னேற்றம். சுருள் கருகிப்போன கருவியை வைத்துப் பூசிப்பதில் பயனில்லை. தேவை கூடினால் பெரியதைப் பூட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்கேற்ற வயரும் பெல்ற்றும் வேண்டும். பாரத்தையும் பாதையையும் ஆராயாமல் உறுப்பை மாத்திரம் மாற்றினால் விற்பவனுக்கே இலாபம்.

அவ்விளைஞன் எமது பழைய மாணவன். "இவனுக்குப் படிப்பு ஏறாது, கராச்சுக்கு அனுப்புங்கள்" என்று அவனுடைய தந்தையிடம் கூறியதும் நாமே. அதில் இரண்டு பிழைகளைச் செய்தோம். அறிவு குறைந்தோர்க்குரிய இடம் கராச் என்று எண்ணியது ஒன்று. அவன் ஏன் பின்தங்கினான் என்று கேளாதது மற்றொன்று. நாள்தோறும் விடியுமுன் தந்தையுடன் சந்தைக்கு மூட்டை சுமந்த பின்னரே அவன் வகுப்புக்கு வந்தான் என்பதை இத்தனை வருடங்களின் பின் அன்றுதான் அறிந்தோம். அவன் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகவே சொன்னான். எமக்குத்தான் தலை நிமிர முடியவில்லை.

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன் பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்துக்கு நாம் பொருள் கூறி வருகிறோம். அதனைத் தொழிலில் கடைப்பிடித்தவன் அவன். ஒரு இயந்திர உறுப்புக்கு அவன் அளித்த விசாரணையை ஒரு பிள்ளைக்கு நாம் அளிக்கவில்லை. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவரும்போதெல்லாம் தவறியவர்களை எண்ணுகிறோம். அவர்கள் தோளில் இருந்த சுமையை எண்ணுவதில்லை. தோட்டத் தொழிலாளியைச் சோம்பேறி என்றும், ஏழை மாணவனை மந்தபுத்திக்காரன் என்றும் கூறும் சமுதாயம் வயரைப் பாராமலே டைனமோவைக் குற்றஞ்சாட்டுகிறது.

எமது வகுப்பில் இவ்வருடம் பின்வரிசையில் உறங்கும் மாணவர் மூவர் உளர். அவர்களைப் பற்றி அறிக்கை எழுதுமுன் அவர்களின் வீடுகளுக்குச் சென்று வருவதென முடிவு செய்துள்ளோம்.