வாடகைப் பொருளும் நாமும்

வீட்டின் பின்வளவில் சிறு தளம் போட, ஒரு நாள் வாடகைக்குக் கொங்கிறீட் கலக்கும் இயந்திரம் எடுத்தோம். உள்ளே, முன்பு எடுத்தவர் விட்ட சீமெந்து கல்லாய் இறுகிக் கிடந்தது. அவரைத் திட்டித் தீர்த்தோம்.

மாலையில் வேலை முடிந்தது, முதுகும் முறிந்தது. "வாடகை கொடுத்தாயிற்றுத்தானே, அப்படியே விடுவோம்" என்றது மனம். சீமெந்து வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. சில மணி நேரம் போனால் உளிதான் வேண்டும். உடனே தண்ணீரும் சல்லிக்கல்லும் போட்டுச் சுழலவிட்டால் போய்விடும். (கழுவிய நீர் காரமானது, மழைநீர்க் கானில் ஊற்றக் கூடாது.)

தெரிந்தவருக்குச் செய்வது முகத்துக்காகவும் இருக்கலாம். நாளை எடுப்பவர் யாரோ? அவருக்கும் நாம் கடன்பட்டவர்களா, அன்பர்களே? வாடகைப் பணம் கடைக்காரரோடுள்ள கணக்கைத்தான் தீர்க்கிறது. காலையில் திட்டிய மனிதராக மாலையில் நாமே ஆகவிருந்தோம்.

ரோர்ச் வெளிச்சத்தில் கழுவினோம். பழைய கல் மட்டும் அசையவில்லை.